ஐயாயிரத்துப் பதினாறு துடைப்பங்கள்

உங்களைச் சொல்லலம்மா. நீங்க பாட்டுக்கு இருங்க. நானாப் பேசிக்கிட்டு வாறேன். அம்பாசமுத்திரத்துல ரயில் ஏறுனதுலேர்ந்து வயிறு எரியுது, வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. மனுஷங்களுக்கு நன்றின்னு ஒண்ணு இல்லாமலே போச்சுல்லா, அதைத்தான் சொல்லிக்கிட்டு வந்தேன். சத்தமாச் சொல்லிட்டேன் போலுக்கு.

எம்பேரு கோமதிநாயகம். திருநெல்வேலியில கிணறு பதிவுத் துறையில சூப்பிரண்டு. அப்படி ஒரு துறையான்னு முழிக்கிய பாத்தியளா? எல்லாரும் அப்படித்தான் முழிப்பாவ. மாவட்டத்துல எத்தனை கிணறு இருக்குன்னு எண்ணுததுக்குன்னு ஒரு காலத்துல ஆரம்பிச்சது. எண்ணி முடிச்சு முப்பது வருஷம் ஆச்சு. அதுக்காக ஆபீசை மூடிர முடியுமா? பேங்குல லோன் கேக்க, கரண்டு கனெக்‌ஷன் வாங்க, கிணத்துச் சான்று வேணும்னு வெள்ளாமை பாக்குத சம்சாரிங்க வருவாவ. மாசத்துக்கு நாப்பது பேரு, அம்பது பேரு வருவாவ. அதுக்குப் பதினாலு பணியிடம். பதினாலு குடும்பம்மா. நான் சூப்பிரண்டா வந்த நாள்லேர்ந்து இன்னைக்கு வரைக்கும் அந்தப் பதினால்ல ஒண்ணு குறையல. குறைய நான் விடல. இதை நானே சொல்லக்கூடாது, ஆனா வேற யாரும் சொல்லவும் மாட்டேங்காவ.

போன வருஷம் ஜூலையில ஒரு கடுதாசி வந்துச்சு. சட்டசபையிலேர்ந்து ஒரு குழு வருதுன்னு. அரசாங்கத்தோட நிர்வாகச் செலவு எங்க வீணாப் போகுது, எந்த ஆபீசுல ஆள் அதிகம், எங்க கம்மின்னு ஊர் ஊராப் போய்ப் பாக்குத எம்.எல்.ஏ.க்கள் குழு. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லாம் கலந்து ஒன்பது பேரு. வாறதுக்கு முந்தி அறுபத்துநாலு கேள்வி அனுப்பியிருந்தாவ. அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, ஒவ்வொருத்தருக்கும் என்ன வேலை, தினமும் எத்தனை தபால் வருது, டீச்செலவு எவ்வளவு, பேப்பர் எவ்வளவு, பேனா எவ்வளவுன்னு.

எங்க உதவி இயக்குநர் தெய்வசிகாமணி சார் அந்தக் கடுதாசியை வாசிச்சிட்டு நாற்காலியில அப்படியே சாஞ்சுட்டாவ. "கோமதி, நம்ம கதை முடிஞ்சுதுய்யா" ன்னாவ. "சார், நான் இருக்கேன்ல்லா" ன்னேன். அந்த நாலு மாசம் நான் பட்ட பாடு எனக்குத்தாம்மா தெரியும். தபால் எண்ணிக்கையைப் பாத்தா ஒரு நாளைக்கு மூணு. மூணு தபாலுக்குப் பதினாலு ஆளுன்னு எழுத முடியுமா? அதனால ஒரு ஏற்பாடு பண்ணினேன். ஏ பிரிவுலேர்ந்து பி பிரிவுக்கு விவரம் கேட்டு ஒரு கடுதாசி. பி பிரிவு பதில் போடாம வச்சிருக்கணும். பத்து நாள் கழிச்சு நினைவூட்டு. அப்புறம் ரெண்டாம் நினைவூட்டு. அதுக்கப்புறம் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை. எல்லாத்துக்கும் நம்பர் விழும்ல்லா? அக்டோபர் முடியுததுக்குள்ள ஒரு நாளைக்கு எழுபத்தொரு தபால்னு கணக்கு வந்திருச்சு.

இதுல ஒரு கூத்து கேளுங்க. ஏ பிரிவுல வேலாண்டி, பி பிரிவுல சவரிராயன். ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு மேசைதான். பத்து வருஷமா ஒரே டிபன் டப்பாவுலதான் ரெண்டு பேரும் சாப்பிடுவானுவ. அந்தக் குறிப்பாணை போன அன்னைக்குச் சவரிராயன் நெசமாவே கோவிச்சுக்கிட்டான். "எனக்கே விளக்கம் கேட்டு அனுப்புதியால?" ன்னு எந்திரிச்சுட்டான். இன்னைக்கு வரைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. என்னம்மா செய்ய, அரசாங்க வேலைன்னா தியாகம் இருக்கத்தான் செய்யும்.

இப்பதான் பாக்கியசீலி கதைக்கு வாறேன். அவளைப் பாத்துட்டுத்தான் இந்த ரயில்ல வாறேன். அவளால வந்த எரிச்சல்தான் இது.

பாக்கியசீலி எங்க ஆபீசுல பதினோரு வருஷம் இருந்தா. பெருக்கத்தான் எடுத்தோம். காலையில வந்து பெருக்கித் தண்ணி பிடிச்சு வச்சிட்டுப் போயிரணும், அவ்வளவுதான் பேச்சு. ஆனா அவ போகல. பெருக்கி முடிச்சதும் சும்மா இருக்காளேன்னு தபால் பிரிக்கச் சொன்னோம். பிறகு கம்ப்யூட்டர் வந்துச்சு. எங்க ஆளுகளுக்குக் கண்ணு சரியில்ல, இடுப்பு சரியில்ல. அவ கத்துக்கிட்டா. பிறகு சம்சாரிங்க வந்தா அவதான் பேசுவா, மனுவை அவதான் வாங்குவா, பழைய பதிவேட்டுல கிணத்தைத் தேடிச் சான்றும் அவதான் அடிப்பா. சார்கிட்ட கையெழுத்து வாங்கி அன்னைக்கே குடுத்து அனுப்பிருவா. யாரும் அவளைச் செய்யச் சொல்லலம்மா. அவளா இழுத்துப் போட்டுக்கிட்டா. பன்னெண்டாப்பு படிச்ச பிள்ளை, சும்மா இருக்கத் தெரியாது.

இதுல ஒரு சின்னச் சிக்கல். எங்க ஆபீசுல ஆளை எடுக்க அனுமதி கிடையாது. துடைப்பம் வாங்க அனுமதி உண்டு. அதனால அவ சம்பளத்தைத் துடைப்பமா எழுதினோம். மாசம் முப்பத்தெட்டு துடைப்பம், நாப்பது லிட்டர் பினாயில். டவுன்ல ஒரு கடைக்காரரு பில்லு குடுத்திருவாரு. துட்டு அவ கைக்குப் போயிரும். எல்லாம் நாணயமா நடந்துச்சும்மா, ஒரு பைசா நான் தொட்டதில்ல. மூணு வருஷத்துக்கு முந்தி ஒரு பள்ளிக்கூடத்துல அவளுக்கு வேலை வந்துச்சு, பி.எஃப். எல்லாம் பிடிப்பாவ. எங்கிட்ட வந்து, "போகட்டுமா சார்?" ன்னு கேட்டா. "போகாதேம்மா, உன்னை நிரந்தரம் பண்ணாம விடமாட்டேன்" ன்னேன். நம்பி இருந்துட்டா. அவமேல எனக்கு அவ்வளவு அக்கறை.

அந்த அறுபத்துநாலு கேள்விக்கும் பதில் அடிச்சது அவதான். வேற யாரு அடிப்பா? நான் சொல்லச் சொல்ல அடிச்சுக்கிட்டு வந்தவ நாப்பத்தொண்ணாம் கேள்வியில நின்னுட்டா. 'அலுவலகத்தில் தற்காலிகமாகவோ, தினக்கூலியாகவோ எவரேனும் பணிபுரிகின்றனரா? ஆம் எனில் விவரம் தருக.' விரலை எடுத்துட்டு என்னைப் பாத்தா. "இல்லைன்னு போடும்மா" ன்னேன். "எழுத்துல வேண்டாம். எழுத்துல போட்டா ஆடிட்டுக்காரன் பிடிச்சுக்குவான். குழு நேர்ல வாறப்ப நானே வாயால சொல்லுதேன். அவங்க சிபாரிசு பண்ணினா உனக்கு ஆர்டர் வந்திரும்" ன்னேன்.

"நெசமாச் சொல்லுவியளா சார்?"

"என்னைப் பத்தித் தெரியாதா உனக்கு?"

அடிச்சிட்டா. அடிச்சிட்டு அடுத்த கேள்வியைச் சொல்லுங்கன்னா.

நவம்பர்ல குழு வந்துச்சு. ஆபீசைப் பாத்தா கல்யாண வீடு மாதிரி இருந்துச்சு. தரையில முகம் பாக்கலாம். அவ அன்னைக்குப் பச்சைக் கலர்ல நல்ல சேலை கட்டி, தலை நிறைய மல்லிப்பூ வச்சுக்கிட்டு வந்திருந்தா. நான்கூட, "என்னம்மா இவ்வளவு அலங்காரம்" ன்னு கேலி பண்ணினேன். சிரிச்சா.

குழுத் தலைவரு நல்ல மனுஷன். தபால் கணக்கைப் பாத்து, "இவ்வளவு வேலையா?" ன்னு ஆச்சரியப்பட்டுப் போயிட்டாரு. வேலாண்டியைக் கூப்பிட்டு, "சிரமமா இருக்காய்யா?" ன்னு கேட்டாரு. அவன் சவரிராயனைப் பாத்துக்கிட்டே, "பி பிரிவு ஒத்துழைக்கறதில்லைங்க ஐயா" ன்னான். எவ்வளவு தத்ரூபம் பாருங்க.

எல்லாம் நல்லாப் போய்க்கிட்டிருக்கப்ப குழுவுல ஒரு பொம்பளை எம்.எல்.ஏ., பெரிய கண்ணாடி போட்டவங்க, செலவுப் பட்டியல்ல விரலை வச்சுக்கிட்டு நிமிந்தாவ.

"நாலு ரூம் ஆபீசுக்கு மாசம் முப்பத்தெட்டு துடைப்பமா?"

தெய்வசிகாமணி சார் உத்திரத்தைப் பாக்க ஆரம்பிச்சாவ. நான்தான் சமாளிச்சேன். "கிணறு சம்பந்தப்பட்ட ஆபீசும்மா, தூசி ஜாஸ்தி" ன்னேன்.

"பினாயில் நாப்பது லிட்டர்?"

"பழைய கட்டடம். பூரான் வரும்மா."

"யாரு பெருக்குதா?"

"நாங்களே முறை வச்சுப் பெருக்குதோம்மா" ன்னேன். அந்தம்மா சவரிராயன் தொந்தியை ஒரு பார்வை பாத்தாவ. பிறகு கிணத்துச் சான்றுப் பதிவேட்டைக் கொண்டாங்கன்னாவ. அது எங்க இருக்குன்னு எங்க யாருக்குத் தெரியும்? சார் என்னைப் பாக்காவ, நான் வேலாண்டியைப் பாக்கேன், வேலாண்டி பீரோவைப் பாக்கான். அப்பதான் காபித் தட்டோட வாசப்படியில நின்ன பாக்கியசீலி, "மூணாவது பீரோ, ரெண்டாவது தட்டு சார்" ன்னா. மெதுவாத்தான் சொன்னா. அந்தம்மாவுக்குப் பாம்புக் காது.

"நீங்க யாரும்மா?"

நீங்களே யோசிச்சுப் பாருங்க. அந்த இடத்துல நான் என்ன சொல்ல முடியும்? இவதான் பெருக்குதா, இவதான் தபால் பிரிக்கா, இவதான் சான்று அடிக்கான்னு உண்மையைச் சொன்னேன்னு வைங்க. அடுத்த கேள்வி என்ன வரும்? எல்லாத்தையும் ஒருத்தி பாக்குதான்னா மத்த பதினாலு பேரு எதுக்குன்னு வரும். வராதா? பதினாலு குடும்பம்மா. ஒரு ஆளுக்காகப் பதினாலு குடும்பத்தைத் தெருவுல விடச் சொல்லுதியளா?

"டீக்கடையிலேர்ந்து காபி கொண்டாந்த அம்மா" ன்னேன்.

அவ என்னைப் பாத்தா. தட்டை மேசையில வச்சா. "ஆமாம்மா, கடைதான்" ன்னா. சொல்லிட்டு வெளிய போயிட்டா. அந்தச் சமயோசிதத்தை நான் இன்னைக்கும் பாராட்டுவேன். குத்தம் சொல்லுதவன் நல்லதையும் சொல்லணும்.

தலைவரு எந்திரிக்கும்போது ஒண்ணு சொன்னாரு. "பக்கத்து மாவட்டத்துல ஒருத்தரு ஒன்பது வருஷமாக் கணக்குல இல்லாம வேலை பாத்திருக்காரு. அவரை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதியிருக்கோம். அதிகாரி மேல நடவடிக்கை வேண்டாம்னும் எழுதியிருக்கோம். இங்கயும் அப்படி யாராவது இருந்தா இப்பவே சொல்லிருங்க, பயப்படாதீங்க" ன்னாரு.

"அப்படி யாரும் இல்லைங்க ஐயா" ன்னேன்.

சொல்லியிருக்கலாம்னு நினைக்கியளா? எப்படிம்மா சொல்ல? இப்பதானே டீக்கடைன்னு சொல்லியிருக்கேன். சட்டசபைக் குழு முன்னாடி அஞ்சு நிமிஷத்துல பேச்சை மாத்துனா ஒரு அரசு ஊழியனுக்கு என்ன மரியாதை?

ஏப்ரல்ல அறிக்கை வந்துச்சு. சட்டசபையில வச்சாவ. நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல எங்க ஆபீசு. நகல் எடுத்து எப்பவும் பையில வச்சிருக்கேன், பாருங்க. 'இவ்வலுவலகத்தில் பணியாளர்கள் தாமே முறைவைத்துத் தூய்மைப் பணி மேற்கொள்வது ஏனைய அலுவலகங்களுக்கு முன்மாதிரியாகும் என இக்குழு கருதுகிறது.' முன்மாதிரி! பதினாலு பணியிடமும் அப்படியே தொடரணும்னு சிபாரிசு. கடைசியில ஒரே ஒரு வரி, துடைப்பம் பினாயில் செலவைப் பத்துல ஒரு பங்காக் குறைக்கணும்னு. ஆபீசே கைதட்டுச்சு. தெய்வசிகாமணி சார் எனக்குப் பொன்னாடை போத்துனாவ. அந்தப் பொன்னாடையை வாங்கிட்டு வந்ததும் பாக்கியசீலிதான்.

பத்துல ஒரு பங்குன்னா மாசம் நாலு துடைப்பம்மா. நாலு துடைப்பத்துல ஒரு மனுஷி எப்படிச் சாப்பிடுவா? நானே மனசு கேக்காமக் கூப்பிட்டு, "மே மாசத்தோட நின்னுக்கம்மா" ன்னு பக்குவமாச் சொன்னேன். அழல. அனுபவச் சான்று ஒண்ணு மட்டும் குடுங்க சார்னு கேட்டா. "இல்லாத ஆளுக்கு எப்படிம்மா சான்று குடுக்கது?" ன்னேன். சட்டம் சட்டந்தானே.

அதுக்கப்புறம் ஆபீசு ஒரு மாதிரியாப் போச்சு. யாரு பெருக்கதுங்கிறதுக்கு ஏ பிரிவு பி பிரிவுக்குக் கடுதாசி எழுதிச்சு. அதுல பதினெட்டுத் தபால் சேந்திருக்கு. சான்று கேட்டு வந்த முந்நூறு மனு கட்டிப் போட்டுக் கிடக்கு. கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியல.

அதைக்கூடச் சமாளிச்சிருவேன். செப்டம்பர்ல தணிக்கையிலேர்ந்து ஒரு மெமோ வந்துச்சு. அந்தக் கண்ணாடி அம்மா வச்ச விரலை அவனுவ எடுக்கவே இல்ல. பதினோரு வருஷத்துல வாங்குன துடைப்பம் ஐயாயிரத்துப் பதினாறு. அதெல்லாம் இப்ப எங்கன்னு கேக்கான். இருப்புல இருந்தா காட்டணும். தேஞ்சு போச்சுன்னா, தேஞ்ச கட்டையைப் பயனற்ற பொருள்னு ஏலம் விட்ட விவரம் எங்க? விளக்கம் திருப்தியா இல்லேன்னா மொத்தத் தொகையும் எங்கிட்டப் பிடிப்பாவ. அது போக, வாற மார்ச் முப்பத்தொண்ணு எனக்கு ரிட்டயர்மெண்ட். விசாரணை நிலுவையில இருந்தா ஓய்வு பெறவே விடமாட்டாவம்மா. கடைசி நாளு மாலை போடுத நேரத்துல சஸ்பென்ஷன் ஆர்டரைக் கையில குடுத்திருவாவ. முப்பத்தாறு வருஷ சர்வீஸ். எத்தனை பேருக்கு அப்படி நடந்து பாத்திருக்கேன். எனக்கும் நடந்தா நான் உசுரோட இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்.

வக்கீல் ஒருத்தரு வழி சொன்னாரு. அது துடைப்பமே இல்ல, ஒரு ஆளு, பதினோரு வருஷம் வேலை பாத்துச்சுன்னு அந்த ஆளே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா நடைமுறைத் தப்புன்னு சின்னத் தண்டனையோட விட்டிருவாவளாம். அட, இவ்வளவுதானான்னு கடுதாசியை நானே தயார் பண்ணிக்கிட்டு இன்னைக்குக் காலையில அம்பாசமுத்திரம் போனேன். ஒரு பல் டாக்டர்கிட்ட சீட்டு எழுதுத வேலைக்குச் சேந்திருக்கா. வாசல்ல உக்காந்து, வாறவங்க பேரையெல்லாம் கேட்டு எழுதிக்கிட்டு இருந்தா. அவளுக்குச் சந்தோஷமா இருக்கும்னு நினைச்சேன். பதினோரு வருஷமா அவ கேட்டது இதைத்தானே?

கடுதாசியை ரெண்டு தடவை வாசிச்சா. வாசிச்சிட்டு மடிச்சு என் கையிலயே குடுத்திட்டா.

"இங்க அனுபவம் இல்லைன்னு சொல்லித்தான் சேந்திருக்கேன் சார். எங்கிட்டச் சான்று இல்லைல்லா."

"அதுக்கென்னம்மா, இதுல அனுபவம் உண்டுன்னுதானே எழுதியிருக்கேன்?"

"அன்னைக்கு ஒரு தடவை உங்களுக்காகப் பொய் சொன்னேன் சார். இப்ப உண்மையையும் உங்களுக்காகவே சொல்லணுமா?"

என்ன பேச்சு பாத்தியளா? பதினோரு வருஷம் சோறு போட்ட ஆபீசும்மா. "இப்படிப் பேசலாமா?" ன்னேன். கோவப்படவும் இல்ல. "பஸ்ஸு வேண்டாம் சார், பன்னெண்டு மணிக்கு ரயில் இருக்கு, கூட்டம் இருக்காது" ன்னா. டாக்டர் உள்ளேயிருந்து மணி அடிச்சதும் எந்திரிச்சுப் போயிட்டா. திரும்பி ஒரு பார்வை பாக்கல. ஸ்டேஷனுக்கு நடக்கையில எனக்குக் கண்ணுல தண்ணி வந்திருச்சும்மா. யாருக்காக இவ்வளவும் செஞ்சேன்?

சேரன்மகாதேவி தாண்டியாச்சா? சரி. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். உங்களைப் பாத்தா நல்ல குடும்பத்துப் பிள்ளையாத் தெரியுது. வேலைக்கு எங்கயும் போகலன்னு சொன்னிய. ஸ்டேஷன் வாசல்ல ஒரு டி.டி.பி. கடையில இந்தக் கடுதாசியை மறுபடி அடிச்சு வாங்கியிருக்கேன். பேரு இருந்த இடத்துல கோடு மட்டும் போட்டிருக்கு. பதினோரு வருஷம் ஒருத்தி வேலை பாத்தது சத்தியம்மா, அதுல ஒரு எழுத்துப் பொய் கிடையாது. அந்த ஒருத்தி யாரா இருந்தா தணிக்கைக்காரனுக்கு என்ன? உங்க பேரை எழுதி, இந்தா இந்த இடத்துல ஒரு கையெழுத்து. பேனா இருக்கு.

ஏம்மா எந்திரிக்கிய? பயப்படாதிய. உங்களை யாரும் வந்து விசாரிக்க மாட்டாவ. அந்த ஆபீசுல அப்படி ஒரு ஆளு இருந்ததுக்கு ஒரு துண்டுச் சீட்டு ஆதாரம் கிடையாது. அதெல்லாம் நான் பதினோரு வருஷமாப் பாத்துப் பாத்துப் பண்ணியிருக்கேன்.